ஏழு மில்லிமீட்டர் ஒன்பதானால் நோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 67. இளவயதில் 12 வருடம் வடக்கே ஓர் அனல் மின் நிலையத்தில் பாய்லர் குழாய்களுக்கு வெப்பக் காப்பாக லேக்கிங் சுற்றும் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். இரண்டு வருடம் முன்பு வலது நெஞ்சில் நீர் கோத்தது. பயாப்ஸி எடுத்து, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் என்றார்கள். நீரை வடித்து, டால்க் பவுடர் தூவி, ஆறு கீமோ கொடுத்தார்கள். கீமோ முடிந்து 11 மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சி.டி. கோவையில் எடுத்து வந்தோம். இந்த முறை மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் மலையிலேயே கான்ட்ராஸ்ட் ஊசி மருந்து ஏற்றாமல் எடுத்தோம். உறைத் தடிப்பு 7 மி.மீ. இருந்தது 9 ஆகியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. 28 சதவீதம் கூடிவிட்டது என்று தம்பி கணக்குப் போட்டான். பயந்துபோய் பெட் ஸ்கேன் எடுத்தோம். வலது உறையில் எஸ்.யு.வி. (ஊசி மருந்தை அந்த இடம் இழுத்த அளவு) 6.8, நோய் திரும்பியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே கீமோ தொடங்கலாம் என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். அப்பாவுக்கு வலி இல்லை, எடையும் குறையவில்லை. மேடேறினால் மூச்சு வாங்குகிறது. எந்த ஸ்கேனை நம்புவது? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறான். பெட் எடுத்த நாளில் அவனை அவரிடம் விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. திரும்பவில்லை என்றும் சொல்ல முடியாது. பொறுத்துப் பார்க்கலாம் என்ற மருத்துவர் பக்கம்தான் என் கருத்தும் சாய்கிறது. ஆனால் சும்மா பொறுத்திருக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கான்ட்ராஸ்ட் போட்ட சி.டி. ஒன்றை, முன்பு எடுத்த அதே இடத்தில், அதே முறையில் எடுத்து, கீமோ முடிந்த கையோடு எடுத்த முதல் சி.டி.யோடு ஒப்பிட வேண்டும். இடையில் வலி, எடை இறக்கம், மூச்சுத் திணறல் என்று ஏதாவது தலைகாட்டினால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

தம்பியின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, அளந்த விதத்தில்தான் பிழை. மற்ற பல புற்றுநோய்கள் ஏறக்குறைய உருண்டையாக வளரும், குறுக்கே ஓர் அளவு எடுத்தால் போதும். மீசோதெலியோமா பலாப்பழத்துத் தோல்போல நுரையீரலைச் சுற்றிப் படர்வது. ஓரிடத்தில் தடிக்கும், அடுத்த இடத்தில் மெலிந்து கிடக்கும். அதற்காகவே 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பைர்னும் நோவாக்கும் தனி அளவுமுறை ஒன்றை வகுத்தார்கள். நெஞ்சில் மூன்று மட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்கள். விலா எலும்புச் சுவருக்கோ நடுநெஞ்சுக்கோ செங்குத்தாக வைத்து உறையின் தடிப்பை அளக்க வேண்டும். ஆறு அளவையும் கூட்டி வரும் தொகைதான் கணக்கு. 2018-ல் திருத்தியபோது, தொடக்கத்தில் 7 மி.மீ.க்குக் குறைந்த தடிப்பை அளவுக்கு எடுக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். அதைவிடச் சின்னதில் கை நடுக்கமே பாதிப் பிழையாகிவிடும்.

உதாரணத்துக்கு முதல் சி.டி.யில் ஆறு அளவுகள் 9, 7, 11, 8, 10, 7 என்று வைத்துக்கொள்வோம், கூட்டினால் 52. இப்போது 11, 7, 11, 9, 10, 8, கூட்டினால் 56. ஏறியது 8 சதவீதத்துக்கும் குறைவு. தொகை 20 சதவீதமாவது ஏறினால்தான் நோய் முன்னேறியது என்று எழுதுவார்கள். 52-க்கு அது 63-ஐ ஒட்டி வரும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது ஓரிடத்து அளவு மட்டுமே. அதே படத்தை இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியாக அளந்தால்கூட இரண்டு மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருவது. ஒவ்வொரு தடவையும் போன தடவைப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 52, 57, 62, 67 என்று போனாலும் அடுத்தடுத்த மூன்று ரிப்போர்ட்டிலும் ‘மாற்றமில்லை’ என்றே வரும். எந்த ஒரு தாவலும் 10 சதவீதத்தைத் தொடவில்லையே. ஆனால் 52-லிருந்து 67 என்றால் ஏறத்தாழ 29 சதவீதம். அதனால் சிகிச்சை தொடங்கியதிலிருந்து தொகை எந்தப் படத்தில் ஆகக் குறைவாக இருந்ததோ, அந்தப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அப்பாவுக்கு அது பெரும்பாலும் கீமோ முடிந்த கையோடு எடுத்த படமாக இருக்கும். ஸ்கேன் சென்டரில் படிவம் நிரப்பும்போதே ‘கீமோ முடிந்தபின் எடுத்த முதல் சி.டி.யோடும் ஒப்பிட்டு எழுதவும்’ என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர் கையால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

அடுத்து, கான்ட்ராஸ்ட் இல்லாத படம். பாதை அடைபட்ட நேரத்தில் எடுத்தீர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கான்ட்ராஸ்ட் போடாத படத்தில் தடித்த உறை, அதையொட்டித் தேங்கிய நீர், சுருங்கிய நுரையீரல் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த 9 மி.மீ.யில் இரண்டு மி.மீ. நீராக இருந்தாலும் பிரித்துச் சொல்ல வழியில்லை. நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் நீர் எவ்வளவு என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு மலை இறங்கவும் வேண்டாம்.

கான்ட்ராஸ்ட் போட்டாலும் எந்த நொடியில் படம் எடுக்கிறார்கள் என்பது முக்கியம். நுரையீரல் இரத்தக்குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சி.டி.யில் மருந்து ஏறி இருபது, இருபத்தைந்து நொடியில் எடுத்துவிடுவார்கள். அந்நேரம் இரத்தக்குழாய் பளிச்சென்று இருக்கும், உறைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்காது. உறையில் புற்றுத் திசு ஒளிர்வதற்கு 60 முதல் 90 நொடி ஆகும். சீட்டில் ‘நெஞ்சும் மேல்வயிறும், கான்ட்ராஸ்டுடன், உறைக்கான தாமதப் படம்’ என்று இருக்கட்டும். மேல்வயிறு எதற்கென்றால், இந்த நோய் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்று உறைக்குள் இறங்கக்கூடியது. பட வெட்டு ஒன்று முதல் மூன்று மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். ஐந்து மி.மீ. வெட்டில் உதரவிதானத்தின் வளைவும் விலா ஓரத்துக் கீழ்மூலையும் மங்கிப்போகும், முதலில் தடிக்கிற இடங்களோ பெரும்பாலும் அவைதான். அந்த மூலைகளை முன்னிருந்து பார்க்கும் வெட்டிலும் பக்கவாட்டு வெட்டிலும் பார்ப்பது நல்லது.

கான்ட்ராஸ்டுக்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை வேண்டும். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கீமோ மருந்துகளான பெமிட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் இரண்டும் சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்பவை. ரிப்போர்ட்டில் சிறுநீரகம் வடிகட்டும் திறனைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கான்ட்ராஸ்ட் ஏற்ற விடாதீர்கள். இரத்தம் கொடுக்கும் வேலையைக் கோத்தகிரியிலேயே முந்தைய வாரம் முடித்துக்கொண்டால் கோவையில் ஒரு அரை நாள் மிச்சம். மருந்து வேகமாக ஏறுவதால் கையில் 20 எண் வென்ஃப்ளான், ரோஸ் நிறத்தது, தேவைப்படும். கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைத்த போர்ட் இன்னும் இருந்தால், அது வேக ஊசியைத் தாங்கும் வகையா என்று போர்ட் அட்டையைக் காட்டிக் கேட்ட பிறகே அதைத் தொடவிட வேண்டும்.

இனி பெட் ஸ்கேன். உங்கள் கடிதத்தில் விஷயத்தின் முடிச்சே ‘டால்க் பவுடர் தூவி’ என்ற அந்த மூன்று சொல்தான். வழக்கமாக 4 கிராம் அளவு டால்க்கை உள்ளே செலுத்துவார்கள். அது உறையின் இரண்டு அடுக்கிலும் வேண்டுமென்றே ஓர் அழற்சியை உண்டாக்கி, இரண்டையும் ஒட்டவைத்து, நீர் மறுபடி சேராமல் தடுக்கிறது. அந்த அழற்சி அணைந்து போவதில்லை. டால்க் துகளைச் சுற்றி உடம்பின் காவல் செல்கள் குழுமி ஆண்டுக் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். பெட் ஸ்கேனில் ஊசியாகப் போடும் எஃப்.டி.ஜி. என்பது ஒரு வகைச் சர்க்கரை. அதைப் புற்றுச் செல்லும் இழுக்கும், அழற்சிச் செல்லும் இழுக்கும். 6.8 என்ற எண் இரண்டில் எதற்கும் பொருந்தும். பிரிட்டனின் நெஞ்சு நோய் மருத்துவர் சங்கமான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதல், ஏற்கெனவே டால்க் போட்டவர்களுக்கு மீசோதெலியோமாவைக் கண்டறிய பெட் சி.டி.யைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. காசநோய் அதிகமுள்ள மக்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் சொல்கிறது. அது முதல் முறை நோயறிவதற்குச் சொன்னது என்றாலும் காரணம் இங்கேயும் அதேதான். பழைய காசநோய்த் தழும்பும் சரி, டால்க்கை வடிகட்டிய நிணநீர்க் கணுவும் சரி, பெட்டில் சிவந்து எரியும்.

அப்படியானால் அந்தப் பெட் ஸ்கேன் வீண்தானா? இல்லை, அதில் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது. பெட்டோடு சேர்த்து எடுத்த சி.டி. படத்தில் டால்க் படிந்த இடம் எலும்புபோல வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் முதுகுப் பக்கத்துக் கீழ்ப்பகுதியில் கட்டியிருக்கும். சிவப்பாக எரிவது அச்சாக அந்த வெள்ளையின் மேலேயே உட்கார்ந்திருந்தால் டால்க் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. வெள்ளை எதுவும் இல்லாத இடத்தில், மெத்தென்ற ஒரு திரள் எரிந்தால், அல்லது விலாச் சுவருக்குள்ளோ உதரவிதானத்துக்குக் கீழேயோ எரிந்தால், அதை லேசாக விடக் கூடாது. பெட் எடுத்த மருத்துவரிடம் போய், ‘டால்க் போட்டிருக்கிறது, எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது இதோ டிஸ்சார்ஜ் சம்மரியில்’ என்று காட்டி, இந்தக் கண்ணோடு மறுபடி படித்து எழுதித் தரச் சொல்லுங்கள். டால்க் விவரத்தை ஸ்கேன் சென்டரில் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. படிவத்தில் ‘முந்தைய அறுவை சிகிச்சை’ என்று கேட்டால் டால்க் தூவியதை அறுவையாக யாரும் நினைப்பதில்லை, விட்டுவிடுகிறார்கள்.

எஸ்.யு.வி. எண்ணை அடுத்த பெட்டில் வரும் எண்ணோடு ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. வேறு மெஷின், அன்றைய சர்க்கரை அளவு, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் படுத்தார் என்பவற்றில் எது மாறினாலும் எண் மாறும். 6.8 என்பது 7.5 ஆனால் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கான்ட்ராஸ்ட் சி.டி.யில் திரள் நிஜமாகவே வளர்ந்திருந்தால் அடுத்தது ஊசி பயாப்ஸி. அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ பார்த்துக்கொண்டே, எரிகிற அந்த இடத்திலிருந்து திசு எடுப்பார்கள். ஊசி டால்க் கட்டிக்குள் போய்விட்டால் வெறும் அழற்சி என்று வரும், அதனால் இடத்தைத் தேர்வதில் பெட்டும் சி.டி.யும் இரண்டும் மேசையில் இருக்க வேண்டும். திசுவில் உறுதியாகாமல், வலியும் எடை இறக்கமும் இல்லாத ஒருவருக்கு, ஒற்றைப் பெட்டை நம்பி மறுபடி கீமோ தொடங்க அவசரம் என்ன என்று அந்த மருத்துவரிடம் மரியாதையாகவே கேளுங்கள். அவரிடம் நியாயமான பதிலும் இருக்கலாம், உங்கள் அப்பாவை நேரில் பார்த்தவர் அவர்தானே.

ரிப்போர்ட்டில் இடது பக்கம் ‘கால்சிஃபைடு ப்ளூரல் ப்ளாக்’ என்று இருந்தால் பதற வேண்டாம். லேக்கிங் வேலையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியை முன்பு சுவாசித்ததற்கான சுண்ணாம்புத் தழும்பு அது, பரவிய புற்று அல்ல. பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பது. பழைய எக்ஸ்ரேயில் அது இருந்தது என்று காட்ட முடிந்தால் கேள்வியே எழாது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பிறகு 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. லேக்கிங் வேலை பெரும்பாலும் கான்ட்ராக்டர் மூலம் நடப்பதால் உங்களுக்கு அது கிடைப்பது சந்தேகம்தான். ஆனாலும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய எக்ஸ்ரே ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மலை ஈரத்தில் ஸ்கேன் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். அவற்றில் அளக்கவும் முடியாது. டைகாம் என்ற அசல் ஸ்கேன் கோப்பு வடிவில் டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். ‘சி.டி. வேணும்’ என்று கேட்டால் ‘இதோ கொடுத்தாச்சே’ என்று பிலிம் உறையை நீட்டுவார்கள், நம் ஊரில் டிஸ்க்குக்கும் ஸ்கேனுக்கும் ஒரே பெயர். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தால் சரி; பத்து இருபது போட்டோ மட்டும் இருந்தால் அது டைகாம் இல்லை, திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது சரியான இடைவெளி, நீங்கள் செய்துவருவது அதுதான். அதைவிட நெருக்கி ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு நிரூபணம் இல்லை. இப்படிப்பட்ட குழப்பம்தான் கூடும். எக்ஸ்ரே நீர் கோத்திருப்பதைக் காட்டும், உறை இரண்டு மூன்று மி.மீ. தடிப்பதைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டாம், விலாச் சுவரிலோ உதரவிதானத்திலோ ஊடுருவியிருக்கிறதா என்ற குறிப்பான சந்தேகம் வரும்போது அது சி.டி.யைவிடத் தெளிவு. நாளை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்கினால் இன்னொன்று ஞாபகம் இருக்கட்டும்: சிலருக்கு முதல் படத்தில் கட்டி பெருத்ததுபோலத் தெரிந்து பிறகு சுருங்கும். அப்போதும் நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எடுத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதே நோய்க்கு அறுவை செய்துகொண்ட வாசகர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய முதல் சி.டி.தான் அடிப்படைப் படம். உதரவிதானத்துக்குப் பதில் வைத்த செயற்கை ஒட்டு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதைக் கட்டி என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்க நுரையீரலையே எடுத்தவர்களுக்கு அந்த வெற்றிடம் நீரால் நிரம்புவது இயல்பு. நடுநெஞ்சு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதும் இயல்பு. முன்பு சாய்ந்திருந்தது எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் அல்லது நீரின் ஓரத்தில் ஒளிரும் திரள் முளைத்தால்தான் விசாரிக்க வேண்டும். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் பெட் எடுத்தால் அழற்சிதான் எரியும்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அதற்கு மெஷின் வேண்டாம். நீர் வடித்த, ட்யூப் போட்ட, பயாப்ஸி எடுத்த தழும்புகளை மாதம் ஒரு முறை குளிக்கும்போது விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இந்த நோய் ஊசி போன பாதையிலேயே தோலுக்கடியில் முளைக்கக்கூடியது. பட்டாணி அளவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த ஸ்கேன் தேதிவரை வைத்திருக்க வேண்டாம். அப்படித் தட்டுப்படுவதில் பயாப்ஸி எடுப்பதும் சுலபம்.

மேடேறும்போது வாங்கும் மூச்சை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கோவையில் காட்டுவதைவிட அங்கே இரண்டு மூன்று எண் குறைவாகக் காட்டும், ஒட்டிப்போன உறைக்குள் வலது நுரையீரல் முழுக்க விரியவும் செய்யாது. தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் அதே ஏற்றத்தில் போன மாதம் எத்தனை முறை நின்றார், இந்த மாதம் எத்தனை என்று குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது உதவும்.

மறுபடி பெட் எடுக்க நேர்ந்தால், குளிரிலிருந்து அவரைக் காப்பாற்றுங்கள். குளிரில் உடம்பு சூடு உண்டாக்க எரிக்கும் ஒருவகைக் கொழுப்பு கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் முதுகெலும்பு ஓரத்திலும் இருக்கிறது. அது சர்க்கரையை இழுத்தால் கணுக்களில் நோய் இருப்பதுபோலத் தெரியும். விடியற்காலைப் பனியில் ஜீப்பில் நடுங்கிக்கொண்டு இறங்குவது இந்த ஸ்கேனுக்கு ஆகாது. முந்தைய நாளே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கினால் நல்லது; இல்லையேல் ஸ்வெட்டர், கம்பளி, குல்லா. முந்தைய நாள் கொழுந்து மூட்டை தூக்க வேண்டாம். வெற்றிலை மெல்ல வேண்டாம், தாடைத் தசை எரியும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு நாள் முன்பே மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டியிருக்கும். இன்னொன்று, அந்த ஊசி மருந்து 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே போவது. உங்கள் பெயருக்கு வரவழைத்தது உங்களுக்காகக் காத்திருக்காது. பாதையில் மாட்டிக்கொண்டால் உடனே போன் செய்யுங்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். சி.டி. எடுத்த நாளில் எந்தத் தடையும் இல்லை. பெட் என்றால் ஊசி போட்டதிலிருந்து ஆறு மணி நேரம் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சற்றுத் தள்ளி இருக்கட்டும், அப்பா நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். வண்டியில் பேரனைக் கூட்டி வராதீர்கள். மறுநாள் காலையில் அவரே தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.